குளியலறையில் மறைந்திருக்கும் அடுப்பு

 

மார்கழிப் பனியில் சுபுஹு பாங்கு ஒலிக்கிறது. போர்வையை விலக்கி எழுவதே ஒரு போராட்டம். எழுந்தபின் குளிர்ந்த நீரில் கை வைப்பது இன்னொரு போராட்டம். சிரமமான நேரத்திலும் ஒளுவை நிறைவாகச் செய்தால் பாவங்கள் அழிக்கப்படும், பதவிகள் உயர்த்தப்படும் என்று நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். ஆயினும் வெந்நீர் கிடைக்கும்போது அதைப் பயன்படுத்துவதை மார்க்கம் தடுக்கவில்லை. முதியவர்களுக்கும், நோயாளிகளுக்கும், பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும் வெந்நீர் அல்லாஹ்வின் பெரும் அருட்கொடையாகும்.

முன்பெல்லாம் வெந்நீர் என்றால் கொல்லைப்புறத்து விறகடுப்பும், அதன்மேல் கரி படிந்த செப்பு அண்டாவும்தான். நெருப்பு கண்ணெதிரே எரிந்தது. குழந்தைகள் அருகில் சென்றால் பெரியவர்கள் அதட்டி விலக்கினார்கள். வெந்நீர் போதும் என்றதும் கொள்ளியை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தார்கள். மறுநாள் சாம்பலை அள்ளி, அடுப்பை மெழுகினார்கள்.

இன்று அந்த அடுப்பு குளியலறைச் சுவரில் ஏறிவிட்டது. வெள்ளைப் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு 'கீசர்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. நெருப்பு கண்ணுக்கு மறைந்தவுடன் அச்சமும் மறைந்தது. அச்சத்தோடு கவனமும் போய்விட்டது. மாட்டிய நாள் முதல் பழுதாகி நிற்கும் நாள் வரை அதை ஒருமுறையேனும் திறந்து பார்க்காத வீடுகள்தாம் அதிகம். என் வீடும் அவ்வாறே இருந்தது. அதனால்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

"எறும்பு கடிக்கிறது!"

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலம். ஒளுச் செய்துவிட்டு வந்த என் தாயார், "தம்பி, குழாயைத் தொட்டால் எறும்பு கடிப்பதுபோல் இருக்கிறது" என்றார்கள். அவர்களுக்குச் சர்க்கரை நோய் உண்டு. கை கால்கள் அடிக்கடி மரத்துப் போகும். அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்து, "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள் உம்மா" என்று சொல்லிவிட்டு மதரஸாவுக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து மீண்டும் சொன்னார்கள். அப்போதும் நான் செவிசாய்க்கவில்லை. மூன்றாம் முறை என் துணைவியாரும் அதையே சொன்னபோதுதான் விழித்துக்கொண்டேன்.

என்னிடம் சிறுவயதில் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது மின்பணியாளராக இருக்கிறார். அவரை அழைத்தேன். கீசரின் அடிப்பாகத்தில் டெஸ்டரை வைத்தவுடன் அதன் விளக்கு எரிந்தது. பிறகு சுவிட்சுப் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஹஜ்ரத், பிளக்கில் மூன்று கால் இருக்கிறது. ஆனால் சுவருக்குள் இரண்டு கம்பிதான் வந்திருக்கிறது. மூன்றாவது கால் அழகுக்கு நிற்கிறது."

அந்த மூன்றாவது கால்தான் 'எர்த்' எனப்படும் நிலத் தொடர்பு. வீடு கட்டியபோது அதை இணைக்காமலே விட்டுவிட்டார்கள். கீசருக்குள் இருந்த 'எலிமெண்ட்' என்னும் சூடேற்றும் கம்பியை வெளியே எடுத்தபோது, விரல் தடிமனுக்கு வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, அதன் உறை ஓரிடத்தில் வெடித்திருந்தது. அவ்வழியே கசிந்த மின்சாரம், நிலத்துக்குள் இறங்க வழியின்றி நீரிலும் குழாயிலும் நின்றது. என் தாயார் ஈரக் கையோடு, வெறுங்காலோடு, ஒவ்வொரு வக்துக்கும் அதைத்தான் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் அவன் காப்பாற்றுவதற்கு முன் மூன்று முறை எச்சரிக்கையும் அனுப்பினான்; நான்தான் அதை நோய் என்று எண்ணித் தள்ளினேன். ஆகவே, அன்பர்களே, உங்கள் வீட்டில் ஒரு மூதாட்டியோ, ஒரு சிறுமியோ "குழாயைத் தொட்டால் கூசுகிறது" என்று சொன்னால், வேறு காரணம் தேடாதீர்கள். அக்கணமே சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். மின்பணியாளர் வந்து பார்க்கும்வரை அந்தக் குழாயை யாரும் தொட வேண்டாம்.

உள்ளே நடப்பது என்ன?

கீசர் சிக்கலான கருவி அன்று. இரும்பாலோ எஃகாலோ செம்பாலோ ஆன ஒரு தொட்டி. வெப்பம் வெளியேறாமல் அதைச் சுற்றி ஓர் உறை. உள்ளே ஓர் எலிமெண்ட். குளிர்ந்த நீர் தொட்டியின் அடியில் நுழைகிறது. சூடான நீர் மேற்புறத்திலிருந்து வெளியேறுகிறது.

நம் வீடுகளில் பெரும்பாலும் 15 லிட்டர் கொள்ளளவும் 2,000 வாட் திறனும் உள்ள கீசர்கள் இருக்கின்றன. 25 டிகிரியில் உள்ள 15 லிட்டர் நீரை 60 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 20 நிமிடம் பிடிக்கும். முக்கால் யூனிட்டுக்கும் குறைவான மின்சாரமே செலவாகும். அந்த நீருடன் 20 லிட்டர் குளிர்ந்த நீரைக் கலந்தால், குளிப்பதற்கு இதமான 40 டிகிரியில் 35 லிட்டர், அதாவது இரண்டு வாளி வெந்நீர் கிடைக்கும். இக்கணக்கு தெரிந்தவர்கள் இரவெல்லாம் கீசரை எரியவிட மாட்டார்கள். ஒருவர் குளிக்க 20 நிமிடம் போதும் என்றிருக்க, பத்து மணி நேரம் எரியவிடுவது வீண்விரயம் அல்லாமல் வேறென்ன?

நான்கு காவலர்கள்

இந்த மறைந்த அடுப்புக்கு நான்கு காவலர்கள் உண்டு. நால்வரும் விழித்திருந்தால் அஞ்சத் தேவையில்லை.

முதற் காவலர் எர்த். கசியும் மின்சாரத்தை மனித உடலுக்குப் போகவிடாமல் நிலத்துக்குள் இறக்கிவிடுவது இதன் பணி. பிளக்கில் மூன்று கால் இருப்பது மட்டும் போதாது. மூன்றாவது கால் உண்மையில் நிலத்தோடு இணைந்திருக்கிறதா என்று கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். 2,000 வாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். எனவே 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கேற்ற தடித்த கம்பியும் தேவை. விளக்குக்கும் மின்விசிறிக்கும் உரிய சிறிய பிளக்கில் இதைச் செருகினால் பிளக் உருகிப் போகும்.

இரண்டாம் காவலர், ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு மின்தடுப்பான். வீட்டின் மின்பெட்டியில் பொருத்தப்படுவது. 30 மில்லி ஆம்பியர் அளவே மின்சாரம் வழிதவறிப் போனாலும் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன்மீது சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் நின்றால் காவலர் விழித்திருக்கிறார் என்று பொருள். நிற்காவிட்டால் உடனே மாற்றுங்கள். இல்லாத வீட்டில் முதலில் இதை வாங்கி மாட்டுங்கள். கீசர் கசிந்தால் 'டிரிப்' ஆகிறதே என்று எரிச்சலுற்று, இத்தடுப்பானைத் தாண்டி நேரடி இணைப்புக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். குரைக்கும் காவல் நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடனை உள்ளே விடுவதற்கு ஒப்பான செயல் அது.

மூன்றாம் காவலர் தெர்மோஸ்டாட். நீர் குறித்த சூட்டை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்தும். அது பழுதானால் கைகொடுக்க 'கட்-அவுட்' என்னும் துணைக் காவலரும் அருகிலேயே உண்டு. கீசர் திடீரென வேலை செய்யாமல் நின்றால், இவ்விரண்டையும் தாண்டி எலிமெண்டுக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்து "சரியாகிவிட்டது" என்று சொல்லிச் செல்லும் பழுதுபார்ப்போர் உண்டு. அதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள்.

நான்காம் காவலர் அழுத்தம் குறைக்கும் வால்வு. 15 லிட்டர் நீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ ஒரு டம்ளர் அளவு விரிவடையும். விரிந்த நீருக்குப் போக்கிடம் வேண்டும் அல்லவா? அதற்காகவே இந்த வால்விலிருந்து சில சொட்டுகள் வெளியேறுகின்றன. கீசர் எரியும்போது சிறிதளவு சொட்டுவது பழுதன்று; கீசர் அணைந்திருக்கும்போதும் இடைவிடாமல் ஒழுகினால்தான் பழுது. சொட்டுகிறதே என்று அதன் வாயில் மரக்கட்டையையோ மூடியையோ வைத்து அடைப்பது தற்கொலைக்கு நிகரானது. தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் பழுதாகி, வால்வும் அடைபட்டிருந்தால், தொட்டிக்குள் நீர் 100 டிகிரியைத் தாண்டிக் கொதித்து அழுத்தம் ஏறும். தொட்டி பிளந்தால் அந்நீரில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தை அடைக்கும். கீசர் வெடிப்பது என்பது இதுதான்.

உப்பு நீர் செய்யும் வேலை

கடலோர ஊர்களில் வாழும் நம் மக்களுக்கு நீரின் தன்மையைச் சொல்லத் தேவையில்லை. பல தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாகவே இருக்கிறது. அந்நீர் கீசருக்கு இரண்டு விதமான கேடுகளைச் செய்கிறது.

ஒன்று, சுண்ணாம்புப் படிவு. கடின நீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து பிரிந்து எலிமெண்டின்மீது படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளைப் பொருக்கு தோன்றுகிறதே, அதுவேதான். அப்பொருக்கு எலிமெண்டுக்குப் போர்வையாகிவிடுகிறது. வெப்பம் நீருக்குப் போகாமல் எலிமெண்டையே எரிக்கிறது. ஒரு நாள் அதன் உறை வெடிக்கிறது. என் வீட்டில் நடந்ததும் இதுவே.

மற்றொன்று, துரு. இதைத் தடுக்கவே பல கீசர்களின் தொட்டிக்குள் 'ஆனோடு' என்னும் மக்னீசியத் தண்டு ஒன்றை வைத்திருக்கிறார்கள். இரும்பைவிட மக்னீசியம் எளிதில் அரிக்கப்படும் உலோகம். எனவே அரிப்பைத் தான் ஏற்றுக்கொண்டு, தான் கரைந்து, தொட்டியைக் காக்கிறது. அது முழுதும் கரைந்தபின் அடுத்துக் கரைவது தொட்டிதான். தண்டின் விலை தொட்டியின் விலையில் சிறு பகுதியே. ஆயினும் அப்படி ஒரு பொருள் உள்ளே இருப்பதே நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

கீசர் தன் நோயைத் தானே சொல்லும். தண்ணீர் சுட முன்பைவிட அதிக நேரமாகிறதா? உள்ளே கொரகொரவென்றோ, சோறு கொதிப்பது போன்றோ ஓசை கேட்கிறதா? படிவு ஏறிவிட்டது. வெந்நீர் மட்டும் செம்பழுப்பாக வருகிறதா? துரு பிடித்துவிட்டது. பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா, கருகிய வாடை வருகிறதா? இணைப்பு தளர்ந்துவிட்டது. குழாய் கூசுகிறதா? அதற்குரிய பதிலை மேலே சொல்லிவிட்டேன்.

ஆண்டுக்கு ஒரு நாள்

ஷஃபான் மாதம் வந்தால் ரமளானை வரவேற்க வீட்டைக் கழுவி ஒட்டடை அடிக்கிறோம். அந்த வேலையோடு கீசரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஆண்டுக்கு ஒருமுறை என்னும் கணக்கு தானாகவே அமைந்துவிடும். மிகவும் உவர்ப்பான நீர் உள்ள வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

இப்பணியை நாமே செய்ய முனையக் கூடாது. தேர்ந்த பணியாளரை அழைக்க வேண்டும். ஆனால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை வீட்டார் அறிந்திருக்க வேண்டும். ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, பெண்களே வீட்டை நடத்தும் குடும்பங்களுக்காக, கேட்க வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. மின்சாரத்தை முழுதும் துண்டித்து, நீர் ஆறியபின் தொட்டியைக் காலி செய்து, அடியில் தங்கிய வண்டலைக் கழுவினாரா?

2. எலிமெண்டை வெளியே எடுத்துப் படிவை நீக்கினாரா? உறையில் வெடிப்பு இல்லை என்று உங்களிடம் காட்டினாரா?

3. ஆனோடுத் தண்டு எவ்வளவு மீதமிருக்கிறது? பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றினாரா?

4. தெர்மோஸ்டாட் உரிய சூட்டில் மின்சாரத்தை நிறுத்துகிறதா?

5. அழுத்த வால்வு திறக்கிறதா? அதன் வாய் அடைபடாமல் இருக்கிறதா?

6. எர்த் இணைப்பைக் கருவி வைத்துச் சோதித்தாரா?

7. தொட்டியில் நீர் நிரம்பி, வெந்நீர்க் குழாயில் சீராக நீர் வந்தபின்தான் சுவிட்சைப் போட்டாரா?

புதிதாக வாங்குவோர் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியையும் பார்த்து வாங்க வேண்டும். உங்கள் வீட்டு நீர் உவர்ப்பானது என்பதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அன்றாட ஒழுங்கு

கீசரின் சுவிட்சு குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். 20 நிமிடம் எரியவிட்டு, அணைத்தபின் உள்ளே செல்வதைப் பழக்கமாக்குங்கள். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள்.

வாளியில் முதலில் குளிர்ந்த நீர், பிறகு வெந்நீர் என்னும் வரிசையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். 60 டிகிரி நீர் சில விநாடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும். குழந்தைகளின் மெல்லிய தோலுக்கு இன்னும் குறைந்த நேரமே போதும். பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டுமுன் நீரை நன்றாகக் கலக்கி, முழங்கையை நனைத்துச் சூடு பாருங்கள்.

வாளியில் தொங்கவிடும் வாட்டர் ஹீட்டர் கம்பியைப் பயன்படுத்துவோர் இன்னும் அதிகக் கவனம் கொள்ள வேண்டும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின்னரே நீரைத் தொட வேண்டும். சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்து உயிரிழந்தவர்கள் உண்டு. குழந்தைகள் நடமாடும் வீட்டில் அக்கம்பி இல்லாதிருப்பதே நலம்.

பூட்டிக் கிடந்த வீடு

வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் வாழ்ந்து, ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருவோர் நம்மில் ஏராளம். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் நுழைந்தவுடன் கீசர் சுவிட்சைப் போடாதீர்கள். மேல்தொட்டியில் நீர் இருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து சில நிமிடம் ஓடவிட்டு, பழைய நீர் முழுதும் வெளியேறச் செய்யுங்கள். ஆனோடுத் தண்டு அரிக்கப்படுவதால் தொட்டிக்குள் ஹைட்ரஜன் வாயு சேர்ந்திருக்கக்கூடும். அது தீப்பற்றும் வாயு. ஆகவே சன்னலைத் திறந்து வையுங்கள். அந்நேரத்தில் அருகில் நெருப்போ புகைபிடித்தலோ கூடாது. நாட்பட்டுத் தேங்கிய இளஞ்சூட்டு நீரில் நோய்க்கிருமிகள் வளரவும் இடமுண்டு. நீரோட்டம் சீரானபின் சுவிட்சைப் போட்டு, முதல் முறை 60 டிகிரி வரை சூடாக்குவது நல்லது. தொட்டி காலியாக இருக்கும்போது சுவிட்சைப் போட்டால் எலிமெண்ட் எரிந்துவிடும்.

எரிவாயு கீசர்

மின்கட்டணத்துக்கு அஞ்சி எரிவாயு கீசர் வாங்குவோருக்கு ஒரு சொல். மூடிய குளியலறைக்குள் அதை ஒருபோதும் மாட்டாதீர்கள். காற்று போதாத இடத்தில் எரிவாயு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. முதலில் தலைவலியும் மயக்கமும் வரும். கதவைத் திறக்க எழும் வலுவும் போய்விடும். குளிக்கச் சென்றவர்கள் இவ்வாறு மாண்ட செய்திகள் நம் நாட்டில் குளிர்காலந்தோறும் வருகின்றன. இக்கருவியைக் காற்றோட்டமான வெளிப்புறத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவர வேண்டும்.

முயற்சியும் தவக்குலும்

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு குடும்பத்தாரோடு தீப்பற்றி எரிந்தது. அச்செய்தியைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நெருப்பு உங்கள் பகை என்பதை உணர்த்தி, உறங்கப் போகுமுன் அதை அணைத்துவிடுமாறு பணித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் நூல்களிலும் இச்செய்தி இடம்பெற்றிருக்கிறது. விளக்கும் அடுப்பும் கண்ணுக்குத் தெரிந்த அக்காலத்திலேயே இந்த எச்சரிக்கை தேவைப்பட்டது என்றால், நெருப்பு சுவருக்குள் மறைந்துவிட்ட நமக்கு எவ்வளவு தேவை! படுக்கப் போகுமுன் கீசர் சுவிட்சை ஒருமுறை பார்த்துவிட்டுப் படுப்பதும் அந்த நபிமொழிக்குக் கீழ்ப்படிவதாகும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. எர்த் கம்பியை இணைக்காமல் தவக்குல் பேசுவது, ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டுத் தவக்குல் பேசுவதாகும். வீடும் அதில் வாழ்வோரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அவர்களைப் பற்றி நாம் விசாரிக்கப்படுவோம்.

என் தாயார் இன்றும் அதே குழாயில்தான் ஒளுச் செய்கிறார்கள். புதிய எலிமெண்ட் மாட்டி, எர்த் கம்பி இழுத்து, கசிவுத் தடுப்பானும் வைத்தாயிற்று. ஆயினும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் நான் அவர்களிடம் கேட்கத் தவறுவதில்லை: "உம்மா, எறும்பு கடிக்கிறதா?" அவர்கள் சிரித்துக்கொண்டே, "இல்லை தம்பி, அல்ஹம்துலில்லாஹ்" என்பார்கள்.

இந்தக் கேள்வியை இன்றே உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் வீடுகளையும், அவற்றில் வாழும் நம் பெற்றோர்களையும் மக்களையும் எல்லா ஆபத்துகளிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.